குதிரைக்குப் பழம்: எது, எவ்வளவு?

கேள்வி: அந்தியூர் ஆடிச் சந்தையில வாங்குன கத்தியவார் குதிரைங்க, 5 வயசு. கொள்ளு, புல்லு போக ஆப்பிள், மாம்பழமெல்லாம் குடுக்கலாங்களா?

பதில் 1: குடுக்கலாங்க, ஆனா ருசிக்கு மட்டுந்தான், தீனியா இல்ல. நாளைக்கு ஒரு ஆப்பிள், இல்லீன்னா ஒரு வாழைப்பழம் போதும். சர்க்கரை மிஞ்சுனா பெருங்குடல்ல புளிச்சு வயித்துவலி வரும், குளம்புக்குள்ள அழற்சியாகி நொண்டும். கொழுத்த குதிரைக்கும், முன்னாடி குளம்பு நோவு வந்ததுக்கும் பழமே வேண்டாம்.

பதில் 2: அளவு சரிங்க, வெட்டுற விதமும் முக்கியம். ஆப்பிள்ல நடுத்தண்டையும் விதையையும் எடுத்துட்டு நீளவாக்குல கீறுங்க. கேரட்டும் அப்படித்தான், வட்டமா நறுக்குனா தொண்டையில அடைச்சுக்கும். மாங்கொட்டை ஆகவே ஆகாது. தர்பூசணித் தோலு நல்லாத் திங்கும். பட்டர் ஃப்ரூட் மட்டும் விஷம், அதோட இலையுந்தான்.

பதில் 3: அடைச்சுட்டா கழுத்தை நீட்டி இருமும், மூக்கு வழியா தீனி கலந்த எச்சில் ஒழுகும். உடனே தீனி, தண்ணி ரெண்டையும் எடுத்துட்டு கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்க. எண்ணெய் ஊத்துனா இறங்கும்னு சொல்றதைக் கேக்காதீங்க, நுரையீரலுக்குப் போயிரும்.

கேள்வி கேட்டவர்: கையில வெச்சு ஊட்டலாங்களா?

பதில் 1: உள்ளங்கையை நல்லா விரிச்சு, கட்டைவிரலை ஒட்டி வெச்சுக்குங்க. கையைக் கடிக்கப் பழகிட்டா வாளியில போட்ருங்க.