ஆட்டு மந்தையும் சோளக்கொல்லையும்: எங்கள் பக்கத்து அனுபவங்கள்

ஆலங்காயம் பக்கத்திலிருந்து:

2017 கோடையில் நடந்தது இது. எங்கள் ஊர் ஜவ்வாது மலை அடிவாரம். அப்போது வேலூர் மாவட்டம், 2019இல் பிரித்த பிறகு திருப்பத்தூர் மாவட்டம். முந்தைய வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, தமிழ்நாடு முழுவதையும் வறட்சிப் பகுதி என்று ஜனவரியில் அரசு அறிவித்திருந்தது. கிணற்றில் மிச்சமிருந்த தண்ணீரை நம்பி என் சித்தப்பா மாட்டுத் தீவனத்துக்குக் கொஞ்சம் சோளம் விதைத்திருந்தார். அது முழங்கால் உயரத்திலேயே வாடி நின்றுவிட்டது.

ஆந்திர எல்லைப் பக்கமிருந்து வருஷா வருஷம் வரும் செம்மறி மந்தை அந்த வருஷமும் வந்தது. உச்சிவெயிலில் மேய்க்கிற பையன் கண்ணயர்ந்த நேரம், ஆடுகள் கொல்லையில் இறங்கிவிட்டன. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகத் தள்ளாடி விழுந்து காலை உதைத்துக்கொண்டன. பதினோரு ஆடுகள் செத்தன. பயிரில் மருந்து தெளித்து வைத்திருக்கிறார்கள் என்று மந்தைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். பயிரையும் அழித்துவிட்டு நம் மேல் பழியும் போடுகிறார்களே என்று சித்தப்பா கொதித்தார். மிச்ச ஆடுகளில் நான்கைப் பிடித்து வீட்டில் கட்டிவிட்டார்.

ராத்திரி அவற்றை அவிழ்க்க ஆறேழு பேர் வந்தார்கள். தொரட்டி, கொடுவாள், தடி எல்லாம் கைக்கு வந்தன. சித்தப்பா மகனுக்குத் தோளில் வெட்டு. மேய்க்கிற பையனுக்கு முன்கை எலும்பு முறிந்தது. பதினாறு வயது இருக்கும். கையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் திண்ணையோரம் அவன் உட்கார்ந்திருந்தான். ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்கக்கூட எங்கள் வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அதுதான் எனக்கு உறுத்துகிறது.

மறுநாள் காலை கால்நடை மருத்துவர் வந்து ஓர் ஆட்டை அறுத்துப் பார்த்தார். இரைப்பை நிறைய இளஞ்சோளம், ரத்தம் பளீரென்ற சிவப்பு. யாரும் மருந்து வைக்கவில்லை, இந்தச் சோளமே விஷம்தான் என்றார். தண்ணீரில்லாமல் வாடிய இளஞ்சோளத்தில் ஹைட்ரோசயனிக் அமிலம் ஏறியிருக்குமாம். பூ எடுத்த பிறகு குறைந்துவிடுமாம். ஆடு விழ ஆரம்பித்த உடனே கூப்பிட்டிருந்தால் சோடியம் நைட்ரைட்டும் தயோசல்ஃபேட்டும் ஊசியில் ஏற்றிச் சிலவற்றையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். மந்தையின் பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "காஞ்ச சோளத்துல விடாதேன்னு பையனுக்கு நான் சொல்லித் தரலியே" என்றார். சித்தப்பாவால் எதுவும் பேச முடியவில்லை.

ஏரிக்கரைப் புளியமரத்தடியில் வேடியப்பன் கல் இருக்கிறது. களவுபோன மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்த வீரர்களுக்கு நட்ட கற்கள் செங்கம், ஜவ்வாது பக்கமெல்லாம் இப்படிச் சாமியாகி நிற்கின்றன. நாங்களும் கும்பிடுகிறோம். மந்தைக்காரர்களும் வரும்போதெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். அதனால் அங்கே வந்து உட்கார இரண்டு தரப்புமே மறுக்கவில்லை. முதல் இரண்டு தடவை பணத்தைப் பற்றியே பேசி, எழுந்து போய்விட்டார்கள். மூன்றாவது தடவை ஊர்க்காரர் ஒருவர், பணத்தை விடுங்கள், அடிபட்ட இரண்டு பேரின் ஆஸ்பத்திரிச் செலவை முதலில் பேசுங்கள் என்றார். அதில்தான் பிடி கிடைத்தது. பையனுடைய கட்டுச் செலவை நாங்கள் ஏற்றோம், சித்தப்பா மகனான தம்பியின் தையல் செலவை அவர்கள் ஏற்றார்கள். ஆட்டு நஷ்டம் அவர்களோடு, பயிர் நஷ்டம் எங்களோடு. போலீஸ் வழக்கு அது பாட்டுக்கு நடந்தது. ஊரில் பேசி முடித்ததால் வெட்டு இல்லையென்று ஆகிவிடுமா?

அப்புறம் அடுத்த வருஷத்துக்கான பேச்சு. மந்தை வருவதற்கு இரண்டு நாள் முன்னால் போன் செய்ய வேண்டும். யார் கொல்லையில் மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கி முடிந்தது, யாருடையது நிற்கிறது என்று ஊரில் ஒருவர் கூடவே போய்க் காட்டுவார். மருந்தடித்த கழனியில் குச்சி நட்டு வெள்ளைத்துணி கட்ட வேண்டும். மேய்ந்துவிட்டால் தரப்புக்கு ஒருவராக அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள், போய்ப் பார்த்து மதிப்புப் போட வேண்டும். இந்தக் கடைசி விஷயம்தான் பெரியது. ராத்திரி தாண்டினால் பத்து அடி மேய்ந்தது பத்து சென்ட் ஆகிவிடும், கூடவே நாலு பேருக்குக் குடியும் ஏறிவிடும்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து:

உங்கள் சித்தப்பா ஆட்டைப் பிடித்துக் கட்டினார் என்று படித்ததும் என் அப்பா நினைவுதான் வந்தது. எங்கள் மாந்தோப்பில் புதுசாக வைத்த ஒட்டுக் கன்றுகளை மேய்ந்த மூன்று மாடுகளை அவரும் இப்படித்தான் கட்டினார், நான்கு நாள். 1871ஆம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டப்படி பயிரை மேயும் மாட்டைப் பிடிக்கலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் பவுண்டில், அதாவது பிடிபட்ட மாடுகளை அடைக்கும் பொதுப் பட்டியில், கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் ஊர்ப் பவுண்டோ சுவர் இடிந்து முள் மண்டிக் கிடந்தது. அதனால் கட்டினார், அதனால்தான் சண்டை. பவுண்டைச் சரிசெய்யச் சொல்லி ஊராட்சியில் எழுதிக் கொடுத்தோம். இரண்டு வருஷம் அலைந்த பிறகு கம்பிவேலி போட்டார்கள். இப்போது மாட்டைப் பிடித்தால் நேராக அங்கேதான் ஓட்டுகிறோம். மாட்டுக்காரனோடு முகத்துக்கு முகம் மோத வேண்டியதில்லை.

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து:

நான் மந்தை வீட்டுப் பிள்ளை. எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். தாத்தா காலத்தில் அறுவடை முடிந்ததும் தை, மாசியில் கழனியெல்லாம் சும்மா கிடக்கும். ஆழ்துளைக் கிணறு வந்த பிறகு எப்போதும் ஏதாவது பயிர் நிற்கிறது. ஏரிக்கு இறங்குகிற பாதையில் சோலார் வேலி. மேய்க்கால் புறம்போக்கு, அதாவது மேய்ச்சலுக்கு விட்ட பொது நிலம், என்று கணக்கில் இருக்கும், போய்ப் பார்த்தால் வீடு கட்டியிருப்பார்கள். 2022 மார்ச்சில் காட்டு மேய்ச்சலுக்கு உயர்நீதிமன்றம் தடை போட்டது. பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று குறைத்தார்கள். இடையில் இருந்த நாட்களில் ஆட்டை எங்கே ஓட்டுவது என்று தெரியாமல் அப்பா தூங்கவே இல்லை.

ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்று சொல்லி எங்களைக் கிடை போட (எருவுக்காக ராத்திரியில் மந்தையைக் கழனியில் அடைத்து வைக்க) வருந்திக் கூப்பிடுவதும் விவசாயிகள்தான். போன வருஷம் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்ட வீட்டுக்காரரே இந்த வருஷம் திருட்டுப் பசங்க என்று சொல்லும்போது, அடியைவிட அது வலிக்கிறது. ஒரு ராத்திரிக்கு இவ்வளவு, எத்தனை ராத்திரி, எந்தக் கழனி என்று முன்கூட்டியே எழுதிக்கொண்ட ஊர்களில் எங்களுக்கு இதுவரை ஒரு சண்டையும் வந்ததில்லை.

ஆலங்காயம் பக்கத்திலிருந்து, மறுபடியும்:

அந்தப் பையன் என்ன ஆனான் என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். இப்போது மந்தையை அவன்தான் ஓட்டி வருகிறான். கை லேசாகக் கோணியிருக்கிறது. போன தை மாசம் சித்தப்பா கொல்லையில் மூன்று ராத்திரி கிடை போட்டான். தம்பி இன்னும் அவனோடு பேசுவதில்லை. சித்திதான் மூன்று நாளும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.