‘தி ஃப்ரஜைல்’ இரட்டை ஆல்பம்: ஏழெட்டுப் பாட்டிலேயே காது களைக்கிறது, எப்படிக் கேட்பது?

வெயிலூர்வாசி:
அமெரிக்க இண்டஸ்ட்ரியல் ராக் குழு நைன் இஞ்ச் நெய்ல்ஸ் 1999-ல் வெளியிட்ட ‘தி ஃப்ரஜைல்’ பற்றி ஒரு சந்தேகம். தனித்தனிப் பாட்டாகக் கேட்டால் பிடிக்கிறது. முழுசாக உட்கார்ந்தால் ஏழெட்டுப் பாட்டுக்குள் எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடுகிறது. பாட்டு மாறும்போது ‘டிக்’ என்று ஒரு வெட்டு வேறு விழுகிறது. வேலூர் சத்துவாச்சாரியில் 10க்கு 10 அடி காங்கிரீட் அறை, சின்ன ஸ்பீக்கர் ஒரு ஜோடி, பென் டிரைவில் எம்பி3. காரிலும் அதே பென் டிரைவ்தான். சாதனத்தை மாற்ற வேண்டுமா, கேட்கும் விதத்தையா?

காட்பாடி பிளாட்பாரம்:
காசு செலவு செய்வதற்கு முன்னால் பென் டிரைவைத் திறந்து பாருங்கள். பாதி வியாதி அங்கேதான் இருக்கும்.

இது இரண்டு சிடி. ‘லெஃப்ட்’டில் 12 பாட்டு, ‘ரைட்’டில் 11, மொத்தம் 23. கோப்புப் பெயரில் வெறும் 01, 02 என்று போட்டு ஒரே ஃபோல்டரில் கொட்டியிருந்தால் பிளேயர் இரண்டு சிடியின் முதல் பாட்டையும் அடுத்தடுத்துப் பாடும், பிறகு இரண்டு சிடியின் இரண்டாம் பாட்டை. அதாவது ‘சம்வாட் டேமேஜ்ட்’ முடிந்ததும் ‘தி வே அவுட் இஸ் த்ரூ’. கதையின் முதல் அத்தியாயத்துக்கு அப்புறம் பதின்மூன்றாவதைப் படிப்பது போல. 101 முதல் 112, 201 முதல் 211 என்று பெயர் மாற்றினால் எந்தக் கார் ஸ்டீரியோவும் குழம்பாது.

இந்த வரிசை சும்மா வந்ததில்லை. குழுவின் மூளையான ட்ரென்ட் ரெஸ்னரும் இணைத் தயாரிப்பாளர் ஆலன் மோல்டரும் குவித்து வைத்ததை வரிசைப்படுத்தித் தர பாப் எஸ்ரின் என்ற இன்னொரு தயாரிப்பாளரைத் தனியாகக் கூப்பிட்டார்கள். அதைக் கலைத்துவிட்டு அலுக்கிறது என்றால் ஆல்பம் என்ன செய்யும்?

அந்த ‘டிக்’கும் எம்பி3-யால்தான். எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் (ஒலியை அளந்தெடுத்த சின்னச் சின்னப் புள்ளிகள்) கொண்ட கட்டங்களாக அடுக்கும். சிடி தரத்தில் ஒரு கட்டம் சுமார் 26 மில்லிசெகண்ட். பாட்டு நடுக்கட்டத்தில் முடிந்தால் மிச்சத்தை மௌனத்தால் நிரப்பும். பாட்டின் தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் சேரும். எவ்வளவு சேர்ந்தது என்ற குறிப்பைக் கோப்பிலேயே எழுதிவைக்கலாம், ஆனால் பல கார் ஸ்டீரியோக்கள் அதைப் படிப்பதில்லை. சாதாரணப் பாட்டுகளில் தெரியாது. இதில் ஒரு பாட்டின் வால் அடுத்ததின் தலையில் ஒட்டியிருப்பதால் பளிச்சென்று தெரியும். சிடியிலிருந்து ஃப்ளாக்காக (தரம் குறையாத கோப்பு வகை) எடுங்கள். அப்போதும் வெட்டு விழுந்தால் கோளாறு பிளேயரில். ‘கேப்லெஸ்’ (பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடாத வசதி) உள்ள ஒன்றுக்கு மாறுங்கள். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததின் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேட் போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள், அது தொடக்கங்களையே தின்றுவிடும்.

பம்பை_சிலம்பு:
கோப்பு சரியானதும் காதைத் தயார் செய்ய வேண்டும். ‘ஒரே இரைச்சல்’ என்று தோன்றக் காரணம், குரலையும் பல்லவியையும் தேடிக் கேட்பது. இதில் வாய்ப்பாட்டு இல்லாத, அல்லது இருந்தும் இல்லாத உருப்படிகளே ஆறேழு இருக்கின்றன. மெட்டு எங்கே திரும்பி வருகிறது என்று தேடுங்கள்.

‘தி ஃப்ரெயில்’ இரண்டு நிமிடம்கூட இல்லாத பியானோத் துண்டு. அதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மூன்று பாட்டு தள்ளி வரும் ‘தி ஃப்ரஜைல்’ பாட்டுக்குள் அதே மெட்டு வேறு உடை போட்டு வரும். ‘லா மேர்’ முதல் சிடியின் பதினோராவது; அதன் மெட்டு இரண்டாம் சிடியில் ‘இன்டு த வாய்ட்’டில் மறுபடி தலைகாட்டும். இந்த இரண்டையும் பிடித்துவிட்டால் 1 மணி 44 நிமிடம் நீளமாகவே தெரியாது.

தாளம் தெரிந்த நம்மூர்க் காதுக்கு இதில் கூடுதல் தீனி. ‘லா மேர்’ பியானோ மூன்றில் போகிறது, டிரம்ஸும் பேஸும் நாலில். ஒரு கையில் தகிட, இன்னொரு கையில் தகதிமி போடுங்கள். தகிட நான்கு, தகதிமி மூன்று. 12-ல் இரண்டும் சேரும், மறுபடி பிரியும். அலை கரைக்கு வந்து வந்து போகிற உணர்வு அதிலிருந்துதான். ‘ஜஸ்ட் லைக் யூ இமாஜின்ட்’ பத்து எண்ணிக்கை. நாலு நாலாக எண்ணினால் கால் இடறும். தக தகிட, தக தகிட என்று கண்டத்தில் (ஐந்து எண்ணிக்கை) பிடியுங்கள், உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பியானோ டேவிட் போவியோடு வாசித்த மைக் கார்சன்.

எதிர்ப்பக்கம் ‘த டே த வேர்ல்ட் வென்ட் அவே’. அதில் டிரம்ஸே கிடையாது. அவ்வளவு பாரமும் கிட்டாரிலேயே. முதல் பாட்டான ‘சம்வாட் டேமேஜ்ட்’ கருவி மேல் கருவியாக ஏற்றிக்கொண்டே போய் முடிந்ததும், இரண்டாவதில் தாளத்தையே உருவிவிடுகிறார்கள். அடுத்தடுத்து வைத்துக் கேட்டால்தான் அந்த அடி விழும்.

டேனரி டிரம்:
எல்லாம் சரிங்ணா, ஆனா ரெண்டாவது சிடி நடுவுல தொய்வா கீதுன்றதையும் சொல்லிடணும். ‘ப்ளீஸ்’ல இருந்து ‘காம்ப்ளிகேஷன்’ வரைக்கும் மூணும் சத்தம் ஜாஸ்தி, சரக்கு கம்மி. முத வாரம் பில்போர்டு (அமெரிக்க ஆல்பம் தரவரிசை) லிஸ்ட்ல 1, அடுத்த வாரம் 16. சும்மாவா எறங்குச்சு?

இரைச்சல் மட்டும் எனக்குப் பிரச்சினை இல்ல. டேனரில தோலு பதப்படுத்துற மரடிரம் சுத்துற சத்தத்துக்குப் பழகுன காது இது. ஒரு சுத்துக்கு ஒரு தபா தோலு ‘தொப்’னு விழும், அதுக்கு நடுவுல பல்சக்கரம் அரைக்கும். அந்த மாதிரி மெஷின் சத்தத்தைத் தாளமா அடுக்குறதுதான் இந்த வகை. மேல மெட்டு ஏதாச்சும் மிதக்கணும், அவ்ளோதான். அந்த மூணு பாட்டுல மிதக்கல.

பம்பை_சிலம்பு:
தொய்வு உண்மைதான், மறுக்கவில்லை தம்பி. ஆனால் தரவரிசை இறங்கியதை அதற்குச் சாட்சியாக்க முடியாது. முந்தின ஆல்பம் 1994-ல். ஐந்து வருடம் காத்திருந்தவர்கள் முதல் வாரமே வாங்கிவிட்டார்கள். அதோடு ‘காம்ப்ளிகேஷன்’ இரண்டரை நிமிடத் துண்டு, அதன் வேலை சத்தத்தை உச்சத்துக்குத் தள்ளுவது. அடுத்து வரும் ‘ஐ’ம் லுக்கிங் ஃபார்வர்ட் டு ஜாயினிங் யூ, ஃபைனலி’ அப்படி அடங்கி ஒலிப்பது அதனால்தான். ‘ப்ளீஸ்’ஸை வேண்டுமானால் விட்டுக்கொடுக்கிறேன்.

வெயிலூர்வாசி:
பெயரை மாற்றிவிட்டேன், வரிசை சரியாகிவிட்டது. நன்றி. ஆனால் அறையில் பேஸ் குமுறுகிறது, சத்தம் குறைந்த இடங்கள் ஃபேனில் கரைந்துபோகின்றன. சத்தத்தைக் கூட்டினால் அடுத்த பாட்டு காதைக் கிழிக்கிறது.

காட்பாடி பிளாட்பாரம்:
சதுர அறையின் சாபம். எதிரெதிர்ச் சுவருக்கு 10 அடி இருந்தால் 56 ஹெர்ட்ஸ் சுமாருக்கு பேஸ் ஒலி தேங்கி நிற்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு திசையிலும் அதே எண். கூரையும் 10 அடி என்றால் மூன்றும் சேர்ந்து ஒரே இடத்தில் குமுறும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் பேஸ் இரட்டிப்பாகும், நட்டநடுவில் உட்கார்ந்தால் காணாமல் போகும். பின்சுவரிலிருந்து மூன்றேமுக்கால் அடி முன்னால் நாற்காலியைப் போடுங்கள். ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே இழுத்து, சுவரைவிட்டு ஒன்றரை அடியாவது நகர்த்துங்கள். பஞ்சு மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் நடு அலைவரிசை எதிரொலி குறையும். 56 ஹெர்ட்ஸுக்கு மெத்தை போதாது, ஈக்வலைசரில் அந்த இடத்தை மட்டும் 4, 5 டெசிபல் இறக்குங்கள். ‘பேஸ் பூஸ்ட்’ இருந்தால் முதலில் அணையுங்கள்.

ஃபேனை வெயில் காலத்தில் நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. காதுக்குள் இறுகப் பொருந்தும் இயர்போன் போட்டுக் கேளுங்கள். ஃபேன் சத்தம் வெளியே நின்றால் வால்யூமைக் கூட்டும் தேவையே குறையும். ரப்பர் முனை தளர்ந்திருந்தால் பேஸ் ஒழுகிவிடும், அளவு மாற்றிப் பாருங்கள். ஆப்பில் கேட்பதானால் ஷஃபிளை நிறுத்திவிட்டு ஆல்பமாகவே ஓட விடுங்கள். இல்லாவிட்டால் சில ஆப்கள் ஒவ்வொரு பாட்டின் சத்தத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். மெல்லிய பாட்டும் உரத்ததும் ஒன்றாகி, ஏற்ற இறக்கமே செத்துப்போகும்.

அளவு முக்கியம். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது வழக்கமான எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 91-ல் 2 மணி நேரம்தான். இந்த ஆல்பம் ஒரு தடவை ஓடினாலே அன்றைய ஒதுக்கீடு கிட்டத்தட்ட முடிந்தது. ஏழெட்டுப் பாட்டில் காது களைக்கிறது என்றீர்களே, இதையும் அளந்து பாருங்கள். 80 டெசிபல் வாக்கில் வைத்தால் போதும்.

பம்பை_சிலம்பு:
ஒரே மூச்சில் கேட்க வேண்டும் என்றும் கட்டாயமில்லை. முதல் சிடி 55 நிமிடம் சுமார், ‘த கிரேட் பிலோ’வில் அடங்கி முடியும். அங்கே நிறுத்தி எழுந்து ஒரு டீ போட்டுக்கொண்டு வாருங்கள். ‘தி வே அவுட் இஸ் த்ரூ’ மெல்லத்தான் தொடங்கும், உடனே கூட்டிவிடாதீர்கள், நடுவில் வெடிக்கும்.

குரல் இல்லாமல் அடுக்குகளைப் பிரித்துக் கேட்க ஆசை வந்தால் 2016-ல் வந்த ‘டீவியேஷன்ஸ் 1’ இருக்கிறது, முழுக்கக் கருவியிசை. அசல் மூன்று நான்கு தடவை பழகிய பிறகு அதற்குப் போங்கள்.

டேனரி டிரம்:
டீ போட்டுக்கினு வரும்போது ஃபேனை ஒண்ணுல வெச்சுட்டு வாங்கணா.