மூன்று தெரியாக்கணியம், விடை மைனஸ் 138 கிலோ: பசளைக் கணக்கில் என்ன பிழை?

பரந்தன் வயல்:
காலபோக நெல்லுக்கு மேற்கட்டுப் பசளை. வேண்டியது நைதரசன் 23 கிலோ, பொட்டாஷ் 12 கிலோ, மொத்த நிறை 71 கிலோ (போன போகத்துக் கொப்பியில் கிடக்கிற அளவு). கையில் யூரியா (நைதரசன் 46%), எம்ஓபி (மியூரியேற்று ஒஃப் பொட்டாஷ், பொட்டாஷ் 60%), அதோட யூரியா இரண்டு பங்கு, எம்ஓபி ஒரு பங்கு சேர்த்த கலவை 45 கிலோ இருக்கு. கலவையில் நைதரசன் 31%, பொட்டாஷ் 20% என்று எடுத்தேன்.

அ யூரியா, இ எம்ஓபி, உ கலவை:
0.46அ + 0.31உ = 23
0.60இ + 0.20உ = 12
அ + இ + உ = 71

விடை அ = 143, இ = 66, உ = −138. திருப்பிப் பிரதியிட்டால் மூன்று சமன்பாடும் பொருந்துது. 0.31க்குப் பதிலாக 0.307 போட்டால் உ = −1380. எங்க பிழை?

நெடுங்கேணி:
நீக்கல் முறையில் எங்கேயோ குறி மாறியிருக்கும். துணிகோவை (குணகங்களைப் பெருக்கிக் கழித்து எடுக்கிற எண்; அது பூச்சியமென்றால் ஒரே தீர்வு இராது) வைத்துச் செய்து பாருங்கோ.

மல்லாவிக் கணக்கு:
குறி மாறவில்லை. விடை பொருந்துது என்று அவரே சொல்லுறார். ஆனாலும் துணிகோவையைப் பார்க்கத்தான் வேணும். 0.31 என்றால் 0.46 × 0.4 − 0.31 × 0.6 = −0.002. 0.307 என்றால் −0.0002. சரியான பெறுமானம் 0.92 ÷ 3. அதைப் போட்டால் துணிகோவை பூச்சியம். தசமதானம் கூட்டக் கூட்ட விடை பத்து மடங்காக ஓடுறதே இதுக்கு அறிகுறி. நல்ல தொகுதியில் தசமதானம் கூடினால் விடை ஓரிடத்தில் நிலைக்கும்.

காரணம் வயலில்தான் இருக்கு. கலவை புதுப் பொருள் இல்லை, மற்ற இரண்டும் சேர்ந்ததுதான். ஆகவே உ நிரல் (மூன்று சமன்பாட்டிலும் உவுக்கு முன்னால் நிற்கிற எண்கள்) என்பது அ நிரலின் 2/3, இ நிரலின் 1/3 இரண்டின் கூட்டுத்தொகை. மூன்று தெரியாக்கணியம் எழுதினாலும் உண்மையில் இரண்டுதான். முதல் சமன்பாட்டை 0.46ஆல், இரண்டாவதை 0.60ஆல் வகுத்துக் கூட்டுங்கோ: அ + இ + உ = 50 + 20 = 70. நீங்கள் கேட்கிறது 71. கழித்தால் 0 = 1. தீர்வே இல்லை. 31% என்று மட்டம் தட்டினது, கழித்த பிறகு உவின் குணகமாக வரவேண்டிய பூச்சியத்தை −1/138 ஆக்கிப்போட்டுது. ஒரு கிலோ வித்தியாசத்தை அதால் வகுக்கத்தான் −138 வந்தது.

பரந்தன் வயல்:
அப்ப மொத்தம் 70 என்று வைத்தால்?

மல்லாவிக் கணக்கு:
0 = 0 வரும், தீர்வு எண்ணற்றது. அ = 50 − 2உ/3, இ = 20 − உ/3. ஒன்றும் மறையாகக் கூடாது என்றால் உ 0 முதல் 60 வரை. உங்களிட்ட இருக்கிற கலவை 45 கிலோவையும் போட்டால் யூரியா 20, எம்ஓபி 5. நைதரசன் 9.2 + 13.8 = 23, பொட்டாஷ் 3 + 9 = 12. சரி.

நெடுங்கேணி:
71தான் வேணுமென்றால்?

மல்லாவிக் கணக்கு:
ஒரு கிலோவுக்காக மினைக்கெட வேண்டாம். பயிருக்குப் போறது நைதரசனும் பொட்டாஷும். கணக்குக்காகச் சொல்லுறதென்றால், கலவையின் இடத்தில் வேறு செறிவுள்ள பொருள் வேணும். அமோனியம் சல்பேற்று (நைதரசன் 21%) வைத்தால் ஒரே தீர்வு: அது 1.84, யூரியா 49.16, எம்ஓபி 20 கிலோ. 0.21ஐ 0.211 ஆக்கினாலும் விடை கொஞ்சம்தான் அசையும்.

எக்செல்லில் துணிகோவை பார்க்கிறவர்கள் பூச்சியம் இருக்கா என்று மட்டும் தேடக் கூடாது. சிலவேளை தசமத்துக்குப் பிறகு பதினாறு பதினேழு இடம் தள்ளி ஓர் எண் நிற்கும், அதுவும் பூச்சியம்தான்.

இன்னொன்று: யூரியா சேர்ந்த கலவை ஈரம் இழுத்துக் கட்டியாகும், பருமன் வேறான மணிகளும் பையுக்குள் பிரிஞ்சு போகும். 45 கிலோவையும் ஒருமிக்கக் கொட்டிக் கிளறிப்போட்டு அளவுங்கோ. இல்லாட்டி 2:1 என்ற எடுகோளே பிழைச்சுப்போகும்.