வீட்டிலிருந்து வேலை, இரண்டு இடத்தில் சம்பளம்: உங்கள் அனுபவம் என்ன?

முத்தியால்பேட்டை, டீம் லீடர்:

புதுச்சேரியில் மெடிக்கல் கோடிங் நிறுவனம் ஒன்றில் ஒரு குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளி ஆவணங்களைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளை இட்டு அனுப்புவது எங்கள் வேலை. 2020இல் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். பலர் அலுவலகத்துக்குத் திரும்பவே இல்லை. பண்ருட்டி, நெல்லிக்குப்பம், பாகூர், வில்லியனூர் என்று அவரவர் ஊரிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். "இவர்களில் யாருக்கு இன்னொரு வேலை இருக்கிறது, கண்டுபிடியுங்கள்" என்று மேலிடம் அடிக்கடி கேட்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு.

கடலூர் பக்கத்துப் பையன் ஒருவர், தேர்ந்த கோடர். இன்சுலின் போட்டுக்கொள்ளும் இரண்டாம் வகை நீரிழிவு நோயாளி என்றால், நோய்க்கான குறியீட்டோடு இசட்79.4 என்பதையும் சேர்க்க வேண்டும். அவர் அதை விட்டதே கிடையாது. திடீரென்று, தரம் பார்க்கும் ஆடிட்டில் அது விடுபட்டு வரத் தொடங்கியது. கூர்ந்து பார்த்தால், மாலை ஏழு மணிக்குள் முடித்த சார்ட்டுகளில், அதாவது நோயாளி ஆவணங்களில், மட்டும்தான் விடுபட்டிருந்தது. இரவில் முடித்தவை பழையபடி சுத்தம். மருத்துவரிடம் விளக்கம் கேட்டு அவர் எழுதும் குறிப்பு எப்போதும் இரண்டு வரிதான். ஏழு மணிக்கு முன் எழுதியவையோ "மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்கு" என்று தொடங்கி ஒரு பத்தி நீண்டன. ஒரே லாகினில் இரண்டு ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்று புரிந்துவிட்டது.

கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை. மாலை ஏழு மணி வரை வேறொரு நிறுவனத்துக்கு ஒப்பந்த வேலை. அதுவரை அவருடைய மைத்துனர் இவருடைய மேசையில் உட்கார்ந்திருக்கிறார். மைத்துனரும் இதே பயிற்சி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவர். "சம்பளம் மூன்று வருடமாக அதே இடத்தில் நிற்கிறது சார், வேறு என்ன செய்வது?" என்றார். அது உண்மை என்பது எனக்கும் தெரியும்.

இரண்டாவது வேலையை மட்டும் சொல்லியிருந்தால் அவருக்காக மேலிடத்தில் நானே பேசியிருப்பேன். லாகினைக் கைமாற்றியதைப் பொறுக்க முடியவில்லை. அந்தத் திரையில் இருப்பது முகம் தெரியாத ஒரு மனிதருடைய பெயர், பிறந்த தேதி, உடம்பைப் பற்றிய ரகசியம். அதைக் காக்கவே 1996இல் வந்த ஹிப்பா என்ற அமெரிக்கச் சட்டம் இருக்கிறது. எங்களோடு ஒப்பந்தமோ, ரகசியம் காக்கும் பயிற்சியோ இல்லாத ஒருவர் அதைப் படித்துக்கொண்டிருந்தார். பையனை அனுப்ப வேண்டியதாயிற்று. மைத்துனரை முறைப்படி தேர்வு வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக்கொடுத்தேன். நிர்வாகம் ஏற்கவில்லை. அதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

நீங்கள் எப்படிக் கையாளுகிறீர்கள்?

லாஸ்பேட்டை, சிறு மென்பொருள் நிறுவனம் நடத்துபவர்:

2022 செப்டம்பரில் விப்ரோ, போட்டி நிறுவனங்களுக்கு வேலை பார்த்ததாக 300 பேரை நீக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்விக்கி, நிபந்தனைகளோடு வெளிவேலைக்கு அனுமதி தந்தது. நான் இரண்டாவது வழியைத்தான் எடுத்துக்கொண்டேன்.

பி.எஃப். கணக்கைப் பார்த்தால் பிடித்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். எத்தனை நிறுவனம் மாறினாலும் ஒருவருக்கு யுஏஎன் என்ற ஒரே பி.எஃப். எண் என்பதால், ஒரே மாதத்தில் இரண்டு நிறுவனங்கள் பணம் கட்டினால் தேதிகள் ஒன்றின்மேல் ஒன்று விழும், சரி. ஆனால் இரண்டாவது வேலையை ஆலோசகராகப் பார்ப்பவருக்கு பி.எஃப். கிடையாது, கட்டணத்தில் 10 விழுக்காடு வரி பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுவார்கள். அகப்படுவது விவரமறியாதவர்கள் மட்டும்தான். நிமிடத்துக்கு ஒரு முறை திரையைப் படமெடுக்கும் மென்பொருளும் அப்படித்தான். மௌஸைத் தானாக அசைக்கும் கருவியை வாங்கி வைத்துவிடுகிறார்கள்.

என் டெவலப்பர் ஒருவர் காலைக் கூட்டத்தில் எப்போதும் கேமராவை அணைத்து, கேட்ட கேள்விக்கு ஒரு நிமிடம் கழித்துப் பதில் சொல்வார். எழுதும் நிரலில் குறையே இருக்காது. தனியாகப் பேசியபோது, அதே பத்தரை மணிக்கு இன்னொரு நிறுவனத்திலும் கூட்டம் என்றார். எங்கள் கூட்டத்தைப் பன்னிரண்டுக்கு மாற்றினேன். பதிலுக்கு மூன்று நிபந்தனைகளை எழுதி வாங்கினேன்: எங்கள் வாடிக்கையாளரின் போட்டியாளருக்கு வேலை செய்யக்கூடாது, எங்கள் லேப்டாப்பில் வேறு வேலை கூடாது, பன்னிரண்டு முதல் நான்கு வரை அழைத்தால் பேச வேண்டும். இன்றும் என்னோடுதான் இருக்கிறார்.

கடலூர் சிப்காட், மனிதவளப் பிரிவு:

ஆலைப் பக்கத்திலிருந்து ஒரு தகவல். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 60ஆவது பிரிவாக இருந்த விதி, 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சட்டத் தொகுப்பிலும் உண்டு: ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவரை அதே நாளில் இன்னொரு தொழிற்சாலையில் வேலைக்கு விடக்கூடாது. அசதியோடு எந்திரத்தின் முன் நிற்பவர் கையை இழப்பார். வீட்டிலிருந்து மென்பொருள் எழுதுபவரை அந்த விதி தொடாது. அவரைக் கட்டுப்படுத்துவது பணி நியமனக் கடிதத்தில் உள்ள வாசகம்தான். ஆனாலும் அந்த அசதியை மறக்காதீர்கள். பதினாறு மணி நேரம் திரை பார்ப்பவரும் மனிதர்தான்.

நெல்லிக்குப்பம், இரண்டு வேலை பார்ப்பவள்:

மறுபக்கத்தையும் கேளுங்கள். பகலில் வாடிக்கையாளர் சேவை, இரவில் மருத்துவர்களின் ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்வது. இரவு நிறுவனத்துக்குப் பகல் வேலை தெரியும். பகல் நிறுவனத்தின் நியமனக் கடிதத்தில் தடை இருப்பதால் அங்கே வாய் திறக்க முடியாது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம். எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை, இன்வெர்ட்டரும் தீர்ந்துவிட்டது. இரவு நிறுவனத்து மேலாளர் அக்கா போனில், "உனக்கு இருக்கிற சார்ஜில் எந்த வேலையை முதலில் முடிக்க வேண்டுமோ அதை முடி, என்னுடையதை நான் வேறு ஆளுக்கு மாற்றிவிடுகிறேன்" என்றார். பகல் நிறுவனமோ மின்வெட்டுக்குச் சான்றாக, இடமும் நேரமும் பதிந்த புகைப்படம் கேட்டது. இருட்டில் முழங்கால் தண்ணீரில் நின்று டிரான்ஸ்பார்மரைப் படமெடுத்து அனுப்பினேன். இரண்டில் ஒன்றை விட வேண்டிய நாள் வந்தால் எதை விடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முத்தியால்பேட்டை, டீம் லீடர்:

லாஸ்பேட்டை நண்பரே, அந்த மூன்று நிபந்தனைகளின் வாசகத்தை அப்படியே அனுப்ப முடியுமா? எங்கள் நிர்வாகக் கூட்டத்தில் வைக்கப் போகிறேன். லாகினை வீட்டாருக்கும் தரக்கூடாது என்பதை நான்காவதாகச் சேர்க்கிறேன். வேறு வேலை இருப்பதாகத் தாமே சொல்பவரை அந்தக் காரணத்துக்காக நீக்கக்கூடாது என்று நிர்வாகத்திடமும் எழுதி வாங்கப் பார்க்கிறேன். நெல்லிக்குப்பம் தங்கைக்கு நடந்ததையும், அவர் சம்மதித்தால், பெயர் இல்லாமல் அங்கே சொல்வேன்.