நானோ போர்டில் முதல் புரோகிராமே ஏறவில்லை, போர்டு பழுதா?

களுவாஞ்சிகுடி (கேள்வி)

வணக்கம் அண்ணாமார், அக்காமார். போன கிழமை மட்டக்களப்பு ரவுணுக்குப் போனபோது ஒரு ஆர்டுயினோ நானோ (நாம் எழுதும் புரோகிராமை ஏற்றி லைற், மோட்டர் போன்றவற்றை இயக்க வைக்கும் சின்னப் போர்டு) வாங்கி வந்தேன். ஒரிஜினல் இல்லை, அதே அமைப்பில் செய்த மலிவுப் போர்டு. எங்கள் வீட்டில் கிணற்று மோட்டரைப் போட்டுவிட்டு எல்லாரும் மறந்துபோக, மேல்தாங்கி நிறைந்து தண்ணீர் முற்றமெல்லாம் ஓடுகிறது, அதைத் தானாக நிற்க வைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதற்கு முதல் சும்மா லைற் மினுங்கும் 'பிளிங்க்' புரோகிராமை ஏற்றிப் பார்ப்போம் என்று இருந்தால் இரண்டு நாளாக அதிலேயே நிற்கிறேன். 'வெரிஃபை' (புரோகிராமில் எழுத்துப் பிழை பார்ப்பது) சரியாக முடிகிறது. 'அப்லோட்' (போர்டில் ஏற்றுவது) கொடுத்தால் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு 'நாட் இன் சிங்க்' என்று சிவப்பு எழுத்தில் பத்து வரி வருகிறது. ஆனால் போர்டில் லைற் மினுங்கிக்கொண்டுதான் இருக்கிறது! அப்படியென்றால் ஏறிவிட்டதா, இல்லையா? லெப்டொப் விண்டோஸ் 10. கடையில் கேட்டால், ஒருமுறை கரண்ட் கொடுத்த போர்டை மாற்றித் தர மாட்டார்களாம்.

கல்லடி

தங்கச்சி, முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். போன் சார்ஜ் பண்ணும் கேபிள் சிலவற்றில் கரண்ட் போகும் இரண்டு கம்பி மட்டும்தான் இருக்கும், தரவு போகும் மற்ற இரண்டு கம்பியும் இருக்காது. போர்டில் லைற் எரியும், கொம்பியூட்டருக்கு மட்டும் போர்டு தெரியாது. நான் ஒரு முழு சனிக்கிழமையை இதில் விட்டிருக்கிறேன்.

லைற் மினுங்குவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இந்த மலிவுப் போர்டுகளில் பல, செய்த இடத்திலேயே பிளிங்க் ஏற்றித்தான் வருகின்றன. நீங்கள் ஏற்றியதுதான் ஓடுகிறதா என்று அறிய, இரண்டு இடத்திலும் 'டிலே'யில் (காத்திருக்கச் சொல்லும் கட்டளை) உள்ள 1000ஐ 100 ஆக்கிவிட்டு அப்லோட் கொடுங்கள். அது மில்லி செக்கன் கணக்கு, ஆகவே லைற் படபடவென்று துடிக்க வேண்டும். பழைய வேகத்திலேயே மினுங்கினால் உங்கள் புரோகிராம் உள்ளே போகவே இல்லை.

காத்தான்குடி

கல்லடி அண்ணன் சொன்ன 100 கணக்கு நல்ல சோதனை, அதைக் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் இங்கே கேபிளில் பிழை இருக்காது என்றுதான் நினைக்கிறேன். கேபிள் பிழை என்றால், அல்லது சிஎச்340 டிரைவர் (மலிவுப் போர்டின் யுஎஸ்பி சிப்பைக் கொம்பியூட்டருக்கு அறிமுகப்படுத்தும் மென்பொருள்) இல்லையென்றால், 'டூல்ஸ்' மெனுவில் போர்ட்டே வராது. (சந்தேகம் இருந்தால் கேபிளைக் கழற்றிவிட்டு அந்த மெனுவைப் பாருங்கள், திரும்பச் செருகிப் பாருங்கள், புதிதாக வரும் 'காம்' எண்தான் உங்கள் போர்டு.) சரியான போர்ட்டைத்தான் தெரிவு செய்திருக்கிறீர்கள் என்றால், 'நாட் இன் சிங்க்' என்பதற்கு அர்த்தம், கொம்பியூட்டர் கூப்பிடுகிறது, போர்டுக்கு விளங்கும் மாதிரிப் பதில் வரவில்லை என்பதுதான்.

நானோவில் இதற்கு வழமையான காரணம் ஒன்று இருக்கிறது. சிப்புக்குள் பூட்லோடர் என்று ஒரு சின்னப் புரோகிராம் முன்கூட்டியே இருக்கும், நீங்கள் அனுப்புவதை வாங்கி உள்ளே எழுதுவது அதுதான். பழைய பூட்லோடர் 57600 வேகத்தில் பேசும், புதியது 115200. மலிவுப் போர்டுகள் இன்றும் பழையதோடுதான் பெரும்பாலும் வருகின்றன, மென்பொருளோ புதியது என்று நினைத்துப் பேசுகிறது. டூல்ஸ் மெனுவில் 'புரொசசர்' என்ற வரியைத் திறந்து 'ஓல்ட் பூட்லோடர்' என்று முடிவதைத் தெரிவு செய்து ஏற்றுங்கள். 0, 1 எண் கால்களில் ஏதும் வயர் செருகியிருந்தால் அதையும் கழற்றுங்கள், அப்லோட் போவது அந்த வழியாலதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள் தங்கச்சி, எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாமலே போய்விடும்.

களுவாஞ்சிகுடி

காத்தான்குடி நானா, ஏறிவிட்டது!! ஓல்ட் பூட்லோடர்தான். 100 போட்டதும் லைற் துடிக்கிறது, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இப்போது இன்னொன்று. மோட்டரை நினைத்து, ஒரு நிமிடம் எரிந்து ஒரு நிமிடம் அணைய வேண்டும் என்று டிலேக்குள் 60 * 1000 என்று எழுதினேன். பிழை எதுவும் சொல்லாமல் ஏறியது. எரிந்த லைற் பிறகு அணையவே இல்லை, அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காத்தான்குடி

60000 என்று நேரே எழுதுங்கள், சரியாக வேலை செய்யும். உங்கள் கணக்கு பிழையில்லை, அந்தச் சிப்பில் சாதாரண முழு எண் 32767 வரைதான் கொள்ளும். 60ஐயும் 1000ஐயும் அந்த அளவுக்குள்ளேயே வைத்துப் பெருக்கும்போது விடை நிரம்பி வழிந்து −5536 ஆகிவிடுகிறது. டிலேக்கு மறை எண் கிடையாது, அதனால் அதைப் பிரமாண்டமான நேர் எண்ணாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் காத்திருந்தால் கிட்டத்தட்ட 50 நாள் கழித்து லைற் அணைந்திருக்கும். பெருக்கலாகவே வைக்க விருப்பமென்றால் 60UL * 1000 என்று எழுதலாம், 60ஐப் பெரிய எண்ணாக நடத்து என்பதுதான் அந்த இரண்டு எழுத்து.

ஆனால் தாங்கிக்கு நேரக் கணக்கே வேண்டாம். மிதவை சுவிட்ச் (தண்ணீர் ஏறும்போது மிதந்து மாறும் சுவிட்ச்) ஒன்றை மேலே வைத்து, அது சொன்னால் நிறுத்துங்கள். கரண்ட் குறைந்த நாளில் மோட்டர் மெதுவாக இறைக்கும், அப்போது நிமிடக் கணக்கு பிழைத்துவிடும்.

கல்லடி

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். போர்டு சொல்லும்போது கரண்டைப் போட்டு நிறுத்தும் சின்ன நீல ரிலேயில் 10 அம்பியர் என்று எழுதியிருப்பதை நம்பி மோட்டரை நேரே கொடுத்துவிடாதீர்கள். மோட்டர் தொடங்கும்போது இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு, ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிப்போனால் புரோகிராம் நிறுத்தச் சொன்னாலும் மோட்டர் நிற்காது. ரிலே ஒரு கொன்டாக்டரை (மோட்டருக்கென்றே செய்த பெரிய ரிலே) இயக்கட்டும், கொன்டாக்டர் மோட்டரை இயக்கட்டும். அந்த 230 வோல்ட் பக்கத்தை எலக்ட்ரீசியனை வைத்தே செய்யுங்கள், ஈரத்தரையில் நின்று தொடும் இடம் அது.

களுவாஞ்சிகுடி

சரி அண்ணா, 230 பக்கம் நான் போகவில்லை, மாமா வயரிங் வேலை செய்கிறவர், அவரிடம் சொல்கிறேன். இப்போதைக்கு மிதவை சுவிட்சை வாளித் தண்ணீரில் போட்டு, வாளி நிறைந்தால் லைற் அணைகிறதா என்று பார்க்கப் போகிறேன்.