ஊசி நாளுக்கு முன் இந்தியில் ஒரு கடிதம் வேண்டும்

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். 10 வயதுப் பிள்ளைகளுக்கு ரணஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டையும் தடுக்கும் டி.டி. ஊசி போட வரும் புதன்கிழமை செவிலியர் வருகிறார்.

பள்ளிக்கென்று தனி நர்ஸ் எங்களுக்குக் கிடையாது. நீலப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டத்து வழியே ஏறி வருகிற கிராம சுகாதார செவிலியர்தான் எல்லாம். மருந்து 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துபோனாலும் வீண்தான் என்று சென்ற முறை உறைபனிக் காலையில் ஒவ்வொரு குப்பியாகத் தூக்கிப் பார்த்தார். ஊசி போட்ட பிள்ளைகளை அரை மணி நேரம் உட்காரவைத்துக் கவனித்த பிறகே கிளம்பினார்.

அன்றைக்கு ஆறு பிள்ளைகள் வரவில்லை. ஆறு பேரும் ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பங்கள். சம்மதக் கடிதத்தைத் தமிழில் அனுப்பியிருந்தோம். ஒரு தாய் அதை நான்காக மடித்து, ஆதார் அட்டையோடு பத்திரமாக வைத்திருந்தார், என்னவென்று தெரியாமலேயே. பார்த்ததும் மனம் கனத்துவிட்டது.

எளிய இந்தியில் ஒரு பக்கக் கடிதம் யாராவது எழுதித் தர முடியுமா? எந்த ஊசி, எதற்கு, ஊசி போட்ட இடம் வலித்தால் பயப்பட வேண்டாம், பழைய தடுப்பூசி அட்டை இருந்தால் கொடுத்தனுப்புங்கள், இவ்வளவு போதும். படிக்கத் தெரியாதவர்களும் இருப்பதால் அதையே குரல் பதிவாகவும் தந்தால் பெரிய உதவி. ஜார்க்கண்டில் பேசப்படும் சாத்ரி மொழி தெரிந்தவர்கள் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஞாயிறு மாலைக்குள் கிடைத்தால், திங்களன்று தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு நானே கொண்டுபோகிறேன்.