மறுமொழி: பிரெய்ரி ரெஸ்டோரேஷன் – மீட்பா, மீட்சியா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பிரெய்ரி என்பது வட அமெரிக்காவின் பரந்த இயற்கைப் புல்நிலம். அழிந்த பிரெய்ரியைத் திரும்பக் கொண்டுவரும் வேலையான 'பிரெய்ரி ரெஸ்டோரேஷன்' என்பதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் 'புல்வெளி மறுசீரமைப்பு' என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுசீரமைப்பு என்றால் கடனும் தொகுதியும்தான் நினைவுக்கு வருகின்றன. புனரமைப்பு கோயிலோடு ஒட்டிக்கொண்டது. 'நில மீட்பு' என்றாலோ ஆக்கிரமிப்பு அகற்றம் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

களத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் சொல் தானாக வரும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு காலத்தில் ஏறத்தாழ 2.2 கோடி ஏக்கர் பிரெய்ரி இருந்தது. எஃகுக் கலப்பை வந்தபின் எல்லாம் மக்காச்சோளமும் சோயாவும் ஆயிற்று. நல்ல நிலையில் மிஞ்சியது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் ஏர் படாத இடங்களில்தான்: ரயில் பாதையோரம், பழைய கல்லறைத் தோட்டம்.

அங்கே நச்சூசா என்ற இடத்தில் 1986 முதல் நிலம் வாங்கிப் பிரெய்ரியைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். தன்னார்வலர்கள் வாளியோடு போய்க் கையால் விதை உருவுகிறார்கள். பெரிய புளூஸ்டெம் புல்லின் கதிர், வான்கோழிக் கால்போல மூன்றாகப் பிரிந்திருக்கும். கதிரை அடியில் பிடித்து மேல்நோக்கி இழுத்தால் விதை உள்ளங்கையில் நிற்கும். காயவைத்து, பல இன விதைகளைக் கலந்து, உழவு நின்ற வயலில் தூவுவார்கள். பல விதைகளுக்குக் குளிரும் ஈரமும் பட்டால்தான் உறக்கம் கலையும். முளைத்தாலும் முதல் ஓரிரு ஆண்டுகள் மேலே களைதான் தெரியும். புல் கீழே வேர் விட்டுக்கொண்டிருக்கும். அப்புறம் தீ வைக்கிறார்கள். புகுந்த மரக்கன்று கருகும், புல் வேரிலிருந்து தழைக்கும்.

மனிதர் செய்வது வழிவிடுவது. மீள்வது புல். அதனால்தான் 'மீட்பு' வேண்டாம், 'மீட்சி' வேண்டும் என்கிறேன். மீட்பில் மீட்பவர் முன்னால் நிற்கிறார். மீட்சியில் மீள்வது நிற்கிறது. அந்த வேலையைக் குறிக்க 'பிரெய்ரி மீட்சிப் பணி' போதும். 'பிரெய்ரி' அப்படியே இருக்கட்டும்; வீட்டுமுன் வெட்டிவிடும் புல்லையும் நாம் புல்வெளி என்றே சொல்கிறோம். 'டால்கிராஸ்' என்பதற்கு 'நெடும்புல்' சரி. நீலகிரியில் வெளிநாட்டிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரங்களை அகற்றிச் சோலைப் புல்வெளியைத் திரும்ப வளர்க்கும் வேலைக்கும் 'மீட்சி' பொருந்தும்.

இன்னொரு சொல், 'எண்டோமென்ட்'. இந்த வேலைக்கு முடிவே இல்லை, ஆண்டுதோறும் தீயும் களையெடுப்பும் உண்டு. ஒருமுறை கிடைக்கும் நன்கொடை போதாது. முதலைத் தொடாமல் வருவாயை மட்டும் செலவிடும் நிதி வேண்டும். 'வைப்புநிதி' வங்கிக் கணக்கோடு குழம்புகிறது. நம் கல்வெட்டுகளில் கோயில் விளக்குக்கு ஆடு விடும்போது 'சாவா மூவாப் பேராடு' என்றார்கள், அதாவது சாகாத, மூப்படையாத ஆடு. ஆடு சாகலாம், எண்ணிக்கை குறையக் கூடாது, நெய் நிற்கக் கூடாது. கருத்து அதேதான். 'மூவா நிதி' என்று வைத்தால் என்ன? முதலில் புதிதாகத் தோன்றும், ஆனால் ஒருமுறை விளக்கினால் மறக்காது.

ஏர் படாமல் மிஞ்சிய பிரெய்ரித் துண்டைக் குறிக்கும் 'ரெம்னன்ட்' என்பதற்கு 'எச்சம்' வேண்டாம், பறவை எச்சம் குறுக்கே வரும். 'எஞ்சுநிலம்' என்று எழுதிப் பார்த்தேன், முழுத் திருப்தி இல்லை. இதைவிட நல்லது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அதற்குப் பிறகு பட்டியலில் ஏற்றலாம்.